மேலிடத்து உத்தரவு என்றால் எழுத்தில் கேளுங்கள்

2020 ஏப்ரல் தொடக்கம். கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டு இரண்டு கிழமை ஆகியிருந்தது. அம்மாவின் பிரஷர் குளிசை நாலு நாளைக்குத்தான் மிச்சம், சீனி வருத்தத்துக்கான மெட்ஃபோர்மின் அதைவிடக் குறைவு. மருந்துக்கடைகள் பூட்டு, கிளினிக்கும் நடக்கவில்லை. அரச கிளினிக்கில் பதிந்தவர்களுக்கு மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பப்போகிறோம் என்று வானொலியில் சொன்னார்கள். உண்மையில் அது நல்ல ஏற்பாடு, பலருக்கு வந்தும் சேர்ந்தது. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக்குத் தபால்காரர் பொதியைக் கொண்டுவந்து கொடுத்ததை நானே பார்த்தேன். எங்களுக்கு மட்டும் வரவில்லை.

போன் எடுத்தேன். முதல் நாள் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் எடுத்தவர், மேலிடத்திலிருந்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். மூன்றாம் நாள் வேறொருவர், எல்லாம் அனுப்பியாயிற்று என்றார். இந்த இரண்டு பதிலையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் உதவியது எங்கள் பகுதிக் குடும்பநல மாது. அவர் தனக்குத் தெரிந்த ஒரு தாதிக்குப் போன் பண்ணி, பதிவேட்டைத் திறக்கச் சொல்லி, விலாசத்தை வாசிக்கச் சொன்னார். சம்பூர் விலாசம்! 2006இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து திருகோணமலைக்கு வந்து, பாலையூற்றில் பதினாலு வருசமாக இருக்கிறோம். ஆனால் யார் விலாசம் கேட்டாலும் அம்மா சம்பூர் விலாசத்தைத்தான் கொடுப்பார், அது அவருடைய வீடு. மருந்துப் பொதி குடாவின் அந்தப் பக்கம் போய்க் கிடந்தது.

இது எங்கள் வீட்டுப் பிழைதான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் மூன்று நாள் போன் எடுத்து இரண்டு பேரிடம் பேசியும் பதிவேட்டில் என்ன விலாசம் இருக்கிறது என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. "ஏன் வரவில்லை" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாக "என்ன திகதியில், எந்த விலாசத்துக்கு அனுப்பினீர்கள்" என்று கேட்டிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். உங்கள் வீட்டில் கிளினிக் கொப்பி உள்ளவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே பதிவேட்டிலுள்ள விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் சரிபாருங்கள். அந்தக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். எங்கள் ஆட்களுக்கு வெள்ளம், சுனாமி, யுத்தம் என்று எத்தனையோ தரம் கடதாசிகள் போயிருக்கின்றன.

அந்த நாட்களில் கேள்வி கேட்கவே பயம் இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஏப்ரல் 1ஆம் திகதி பொலிஸ் தலைமையகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: கடமையிலுள்ள அரச அலுவலர்களை விமர்சித்துச் சமூக ஊடகங்களில் எழுதினால் சட்ட நடவடிக்கை. மருந்து வரவில்லை என்று முகநூலில் இரண்டு வரி எழுதியிருந்த நான் அன்றிரவே அதை அழித்தேன். தம்பி, "அக்கா, தேவையில்லாத வேலை" என்றான். இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை.

கேட்பதற்கு யார் இருந்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பாராளுமன்றம் 2020 மார்ச் 2ஆம் திகதி கலைக்கப்பட்டது, தேர்தல் ஓகஸ்ட் 5ஆம் திகதிதான் நடந்தது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரிலேயே முடிந்துவிட்டது, பிறகு தேர்தலே இல்லை. மாகாண சபைக் கட்டடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஆனால் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த ஒரு மாகாண சுகாதார அமைச்சர் அதற்குள் இல்லை. கொவிட் தடுப்புக்கான தேசிய நடவடிக்கை மையத்தின் தலைவராக இருந்தவர் அப்போதைய இராணுவத் தளபதி. ஒரு தொற்றுநோயை வைத்தியர்கள் முன்நின்று, தாங்கள் ஏன் இதைச் செய்கிறோம் என்று சனங்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் சொல்லி நடத்தியிருக்க வேண்டும். இங்கே சீருடைதான் முன்னுக்கு நின்றது. ஆரம்ப மாதங்களில் எல்லோரும் நம்பிக் கேட்ட சுகாதாரப் பணிப்பாளர் நாயகம் டொக்டர் அனில் ஜாசிங்கவை அந்த ஓகஸ்டில் சுற்றாடல் அமைச்சுக்கு மாற்றினார்கள். நோய் நடுவழியில் இருக்கும்போது ஏன் அந்த மாற்றம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2020 செப்டெம்பரில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பதுளை மாவட்டத்துக்குப் போனபோது, தான் வாயால் சொல்வதையே சுற்றறிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னார். அதைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு அந்த மூன்று நாள் போன்தான் நினைவுக்கு வந்தது. மேலே ஒருவர் வாயால் சொல்கிறார், நடுவில் இருப்பவர் தனக்கு விளங்கியபடி கீழே சொல்கிறார், கீழே இருப்பவர் எங்களிடம் "மேலிடத்து உத்தரவு" என்கிறார். எந்த இடத்திலும் காகிதம் இல்லை. பிழை நடந்தால் யாரையும் பிடிக்க முடியாது.

ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணியும் அதன் பின்னால் பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணியும் வந்தன, ஒரே இடத்திலிருந்து பலருக்குப் பரவிய தொற்றைத்தான் கொத்தணி என்றார்கள். என்னுடைய மாமா, அம்மாவின் கடைசித் தம்பி, திருக்கடலூரில் மீன் எடுத்துக் கொழும்புக்கு அனுப்புபவர். சந்தை பூட்டியதும் கொழும்பு லொறி நின்றது. அதைவிட மோசம், மீன் சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற கதை. கூலரிலிருந்து எடுத்த மீனை ஊருக்குள் பாதி விலைக்கும் வாங்க ஆளில்லை. சமைத்த மீனால் இந்த நோய் வராது என்பதை உரியவர்கள் உரிய நேரத்தில் சந்தைச் சுவர்களில் ஒட்டியிருந்தால் போதும். நவம்பரில் ஒரு முன்னாள் மீன்பிடி அமைச்சர் செய்தியாளர் மாநாட்டில் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் நிலைக்குத்தான் விசயம் போனது. மாமா மிச்சத்தைக் கருவாடு போட்டார். சாளைக் கருவாட்டை எங்கள் எல்லோர் வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார், அந்த வருசம் முழுக்கக் கருவாடுதான்.

இனிச் சொல்லப்போவது என்னுடைய வீட்டுக் கதை இல்லை, என்னோடு பதினொரு வருசம் படிப்பித்த ஒரு டீச்சருடைய கதை. சொல்லலாம் என்று அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அவர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். அவருடைய வாப்பாவை 2020 டிசம்பரில் நெஞ்சு வருத்தத்துக்காகக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்துபோனார். இறந்த பிறகு எடுத்த பி.சி.ஆர். பொசிட்டிவ் என்றார்கள். ரிப்போர்ட்டைக் காட்டுங்கள் என்று மகன் கேட்டிருக்கிறார், காட்டவில்லை. இன்னொரு தரம் பரிசோதிக்கச் சொன்னார், அதற்கும் இடமில்லை. அடுத்த நாள் எரித்துவிட்டார்கள். ஜனாஸாத் தொழுகை இல்லை, குளிப்பாட்டல் இல்லை, கபன் இல்லை. டீச்சர் போனில் என்னிடம், "டீச்சர், வாப்பாட மையத்த அவங்க எரிச்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது?

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டும் பாதுகாப்பானவை என்று வழிகாட்டல் கொடுத்துவிட்டது. எங்கள் அரசு ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி போட்டு எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்பதுதான் சொன்ன காரணம். இந்த வைரஸ் நீரால் பரவும் நோயல்ல என்று ஹொங்கொங்கிலுள்ள எங்கள் நாட்டுப் பேராசிரியர் மலிக் பீரிஸ் சொன்னார், கொரோனா குடும்ப வைரஸ்களில் அவரைவிட அனுபவமுள்ளவர்கள் உலகத்திலேயே சிலர்தான். சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவ சங்கமும் புதைக்க விடலாம் என்று சொல்லிவிட்டன. உயர் நீதிமன்றம் டிசம்பர் 1ஆம் திகதி மனுக்களை விசாரணைக்கு எடுக்காமலே தள்ளுபடி செய்தது. அதே டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையைப் பெற்றோர் சம்மதமில்லாமல் கொழும்பில் எரித்தார்கள். சனங்கள் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள், அதையும் அவிழ்த்து எடுத்தார்கள்.

அதே மாதம் சுகாதார அமைச்சர், கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து செய்த பாணியைக் கமராவுக்கு முன்னால் குடித்தார். அதை வாங்க ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள், நோய்க்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா? ஜனவரியில் அமைச்சருக்கே தொற்று வந்தது. நோயாளி யாரென்றாலும் நோய் வந்ததில் சந்தோசப்பட ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் வேறு விசயத்தில். உலகத்தின் வைத்தியர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்ததை எட்டு மாதமாக நம்பாதவர்கள், ஒருவர் தனக்குக் காளி அம்மன் அருளியதாகச் சொன்ன மருந்தைக் கையில் வாங்கிக் குடித்தார்கள்.

2021 பெப்ரவரியில் பொத்துவில் தொடக்கம் பொலிகண்டி வரையான நடைபவனி எங்கள் ஊர் வழியாகப் போனது. அதன் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் ஒன்று. நானும் டீச்சரும் வீதியோரத்தில் நின்றோம். எங்கள் இரண்டு சமூகங்களுக்கும் நடுவில் எத்தனையோ கசப்புகள் இருக்கின்றன, அன்றைக்கு ஒரே கோஷத்தை ஒரே மொழியில் கேட்டபோது டீச்சர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்த மாதக் கடைசியில், புதைக்கவும் விடும்படி வர்த்தமானி திருத்தப்பட்டது. புதைக்கும் இடம் முதலில் இரணைதீவு என்றார்கள், அந்த மண்ணுக்கு எத்தனையோ வருசம் போராடித் திரும்பிய மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல். அப்புறம் ஓட்டமாவடி மஜ்மா நகர். மார்ச் 5ஆம் திகதி முதல் ஜனாஸா அங்கே அடக்கப்பட்டது. டீச்சரின் வாப்பாவுக்கு அது மூன்று மாதம் பிந்திவிட்டது.

தடுப்பூசிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 ஜனவரி 29ஆம் திகதி இந்தியா கொடுத்த ஐந்து லட்சம் ஊசியோடு தொடங்கினார்கள். பிறகு இந்தியாவிலேயே நோய் பெருகி ஏற்றுமதி நின்றது, முதல் ஊசி போட்ட ஆறு லட்சம் பேரளவில் இரண்டாவதுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சீனாவின் சினோபார்ம் வந்தது. எங்கள் பக்கத்துக்கு வந்து சேர நடு வருசம். வரிசையில் நிற்க முடியாத அம்மாவுக்காக நான் முதன்முதலாக ஒரு கடிதம் எழுதினேன். சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஐந்தே வரி: பெயர், வயது, வருத்தம், நடக்க முடியாது, வீட்டில் வந்து போட ஒழுங்கு உண்டா, இருந்தால் எப்போது. கீழே திகதி, போன் இலக்கம். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றைக் கொடுத்து மற்றதில் அலுவலக முத்திரை வாங்கினேன். முத்திரை குத்தியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எட்டாம் நாள் ஒரு தாதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து போட்டுவிட்டுப் போனார்கள். கடிதம் கொடுக்காமல் இருந்தாலும் வந்திருப்பார்களா? இருக்கலாம். அவர்களுக்குத் தேசிக்காய்த் தண்ணி கொடுத்தோம், குடிக்க நேரமில்லை என்று போத்தலில் ஊற்றிக்கொண்டு போனார்கள். இந்த எழுத்தில் எங்கேயும் அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை, அவர்களைத் தனியே விட்டவர்கள் மேல்தான்.

ஓகஸ்டில் டெல்டா வகைக் கொரோனா. மருத்துவ சங்கங்கள் நாட்டைப் பூட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தன, 20ஆம் திகதி இரவுதான் பூட்டினார்கள். மாமாவுக்கு அதற்கு முந்திய கிழமையே காய்ச்சல். ஒரு ஊசிதான் போட்டிருந்தார். வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். எந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாமா எழும்பி நடந்தார், பேசினார், புட்டு சாப்பிட்டார். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பெடியன் விரலில் மாட்டும் ஒட்சிசன் மீட்டரை இரவல் கொண்டுவந்தான், 86 காட்டியது. மீட்டர் பழுது என்று நினைத்து எல்லோரும் தங்கள் விரலில் மாட்டிப் பார்த்தார்கள், எல்லோருக்கும் 97, 98. இந்த நோயில் மூச்சு முட்டுவது பெரிதாகத் தெரியாமலே ஒட்சிசன் இறங்கும். 94க்குக் கீழே போனால் காத்திருக்காமல் வைத்தியரைத் தேட வேண்டும். இந்த ஒரு இலக்கம் எங்களுக்கு முதலே தெரிந்திருந்தால்! அதை ஒரு சின்னத் துண்டில் தமிழில் அடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் கிராம சேவகர் மூலம் கொடுத்திருக்கலாம், வீட்டுத் தனிமைப்படுத்தல் அறிவித்தலைக் கதவில் ஒட்டத்தான் வந்தார்களே.

1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தோம், அம்புலன்ஸ் வந்தது, பிழை சொல்ல ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை, அது முக்கியமும் இல்லை. மூன்று நாள் உள்ளே இருந்தார். அந்த மூன்று நாளும் மாமியால் அவரைப் பற்றி ஒரு சொல் தெரிந்துகொள்ள முடியவில்லை. வாசலில் கேட்டால் வார்ட்டுக்குப் போன் பண்ணுங்கள் என்பார்கள், வார்ட் போனை எடுக்க ஆளில்லை. நாலாம் நாள் காலை கூப்பிட்டுச் சிங்களத்தில் மட்டும் அச்சிட்ட ஒரு படிவத்தில் கையொப்பம் கேட்டார்கள். மாமிக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. வைத்தார்.

மாமா இறந்து எட்டுச் செலவு முடிந்த பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், தமிழிலேயே இருக்கிறது, பயப்படும்படி ஒன்றுமில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தை வாங்கியதற்கு உடனே எழுத்தில் அத்தாட்சி தரவேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவோம் அல்லது மறுக்கிறோம் என்று தீர்மானம் சொல்லவேண்டும். ஒருவரின் உயிரோடு சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலம். மாமா உள்ளே இருந்தபோது இந்த 48 மணித்தியாலம் எனக்குத் தெரியாது. மறுத்தால் பதினான்கு நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அதோடு, வடக்கு கிழக்கில் நிருவாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. படிவத்தைத் தமிழில் கேட்பதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

என்னுடைய முதல் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டேன். இரண்டு பக்கத்துக்குக் கோபம்தான் இருந்தது, கேள்வி இல்லை. ஏன் கவனிக்கவில்லை, ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டால் அவர்கள் தரக்கூடிய தகவல் எதுவுமில்லை, கோப்பில் கிடக்கும் ஒன்றைத்தான் கேட்கவேண்டும். கடைசியில் மூன்று கேள்வி எழுதினேன். அந்தக் கிழமையில் ஒட்சிசன் வசதியுள்ள கட்டில்கள் எத்தனை? நோயாளியின் நிலைமையைக் குடும்பத்துக்கு அறிவிப்பது பற்றிய எழுத்திலான அறிவுறுத்தலின் பிரதி. மாமி கையொப்பமிட்ட படிவத்தின் தமிழ்ப் பிரதி. கொடுத்துவிட்டு அத்தாட்சித் துண்டு கேட்டபோது அப்படி ஒன்று வழக்கத்தில் இல்லை என்றார்கள். சட்டத்தின் அந்தப் பக்கத்தை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். சத்தம் போடாமல் மேசையில் வைத்தேன், எழுதித் தந்தார்கள்.

பதினான்கு நாள் போய், மேன்முறையீடு கொடுத்து, இரண்டரை மாதம் கழித்துப் பதில் வந்தது. கட்டில் எண்ணிக்கையைத் தந்தார்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரே வரி: "இது தொடர்பில் எழுத்திலான அறிவுறுத்தல் எதுவும் கிடைக்கப்பெறவில்லை." மூன்றாவதுக்கு, தமிழ்ப் பிரதி அச்சிடுவதற்கு நடவடிக்கை எடுக்கப்படும். அந்த ஒரே வரியை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று தெரியாது. எங்களை மூன்று நாள் வாசலில் நிற்கவைத்தது எந்த விதியும் இல்லை. நோயாளியின் குடும்பத்தோடு பேச ஒருவரை வைக்கவேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை, அவ்வளவுதான். அந்தப் பதிலைப் பிரதி எடுத்து, கீழே எங்கள் அனுபவத்தைச் சேர்த்து, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மொழியிலும் ஒரு போன் இலக்கம் ஒட்டியிருந்தது. என்னால்தான் என்று சொல்ல மாட்டேன். நான் அந்த இலக்கத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன், எடுத்துப் பேசினார்கள்.

2022இல் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டபோது அம்மாவின் கிளினிக்கில் துண்டு எழுதி வெளியே வாங்கச் சொன்னார்கள். அப்போது ஒழுங்கையில் ஏழு பேர் சேர்ந்து, எந்தெந்த மருந்து இல்லை, அடுத்த தொகுதி எப்போது என்று ஒரே கடிதமாகக் கொடுத்தோம். இல்லாத மருந்து கடிதத்தால் வந்துவிடாது. ஆனால் எது இரண்டு மாதத்துக்கு வராது என்று தெரிந்ததால், எதற்குக் காசு சேர்ப்பது என்று வீடுகளில் முடிவெடுக்க முடிந்தது. கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை எல்லோருக்கும் சேர்த்து வாங்கி அனுப்பினாள்.

2024 ஜூலையில், கட்டாயமாக எரித்ததற்காக முஸ்லிம் மக்களிடம் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. டீச்சர் அந்தச் செய்தியை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்து முடியும்வரை பேசவில்லை. பிறகு, "அந்தக் கடுதாசிய எப்படி எழுதுற டீச்சர், சொல்லித் தாங்க" என்றார். வாப்பாவின் பி.சி.ஆர். ரிப்போர்ட்டின் பிரதி, எரிக்கச் சொன்ன உத்தரவில் கையொப்பமிட்டவரின் பதவி, சாம்பலை எங்கே வைத்தார்கள். மூன்று கேள்வி. மேசையில் இருந்து அவரே எழுதினார், நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை. விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை, மேன்முறையீட்டுக்கும் பதில் வரவில்லை. தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு அனுப்பிய பதிவுத் தபால் துண்டை, வாப்பாவின் அடையாள அட்டையோடு சேர்த்து, கைப்பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார்.